மணலுக்குப் பதினெட்டு

புறங்கையை டயரில் வைத்துப் பார்த்தவுடனே உதட்டைப் பிதுக்கிவிட்டு எழுந்துவிடுகிறார் காற்றடிக்கும் அக்கா. “கொதிக்குது. இப்ப அளந்தா டயரு பொய்தான் சொல்லும். அரை மணி நேரம் நிழல்ல நிக்கட்டும்.” ஜீப்காரர் கெஞ்சுகிறார், கடிகாரத்தைக் காட்டுகிறார். அக்கா அதற்குள் அடுத்த வண்டியிடம் போய்விட்டார்.

பெட்ரோல் பங்கின் கடைசி மூலையில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு கம்ப்ரஸர், நீளமான ரப்பர் குழாய். அவ்வளவுதான் அவருடைய ராஜ்யம். அங்கிருந்து நூறடியில் தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்குகிறது. மணலுக்கு அப்பால் இருக்கும் மருத்துவமனைக்குச் செவ்வாய்தோறும் மருந்துப் பெட்டியோடு ஏதாவது ஒரு வாடகை ஜீப்பில் போய் மாலையில் திரும்புவது என் வேலை. தாருக்கு முப்பத்தைந்து பாயிண்ட் காற்று, மணலுக்குப் பதினெட்டு என்று கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாகிவிட்டது. காற்றைக் குறைத்தால் டயர் அகன்று மணல்மேல் படிந்து போகும். இறுகி நின்றால் குழி தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிடும்.

அளவுமானியை எடுக்கும் முன் அக்கா ஆட்களை எடைபோடுவார். ஒரு கான்ட்ராக்டரை ஏற இறங்கப் பார்த்து, “ஐயாவை ரெண்டு பேரா வச்சுக்கிறேன்” என்று பின்சக்கரங்களில் இரண்டு பாயிண்ட் கூட்டினார். பாவம், அந்த மனிதர் மணல் தாண்டும்வரை வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். ஸ்டெப்னிக்கும் விலக்கு கிடையாது. “சும்மா தொங்கிட்டு வர்றவருதான் ஆபத்துல கைகொடுக்கணும்.”

பதினோரு வருடமாக இந்தக் கொட்டகையில் நிற்காமல் போன ஜீப் ஒன்றே ஒன்றுதான். அதை ஓட்டுபவர் அக்காவின் கணவர். “நாலு சக்கரமும் சேந்து இழுக்குற வண்டிங்க இது. காத்து கூடினா என்ன, கொறஞ்சா என்ன?” என்று டயரை ஓர் உதை விடுவார், அவருடைய பரிசோதனை அதோடு சரி. பெண்டாட்டியிடம் போய் வரிசையில் நிற்பதா என்ற வீறாப்பு வேறு.

போன மாதம் இரண்டு முறை அச்சுவரை புதைந்தார். டிராக்டர் வந்து இழுத்தது. இன்னொரு தடவை புதைந்தால் ஜீப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். இந்தச் செவ்வாய் அதில்தான் நான் ஏறினேன். வண்டி கொட்டகை முன்னால் நின்றது.

“என்ன வண்டிக்காரரே, வழி தப்பிட்டீங்களா?”

“அட, சும்மா பாரேன்.”

“சும்மால்லாம் பாக்க மாட்டேன். வரிசையில வாங்க.”

எங்களுக்கும் அதே அரை மணி நேரம், அதே நிழல். பிறகு நான்கு சக்கரத்தையும் பதினெட்டுக்கு இறக்கினார். கணவர் முகம் சுளித்தார். “பஞ்சர் ஆன மாதிரி இருக்கேம்மா. பாக்குறவங்க சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிக்கட்டும். டிராக்டர்காரரு சிரிக்காம இருந்தாப் போதும்.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “மெதுவாப் போங்க” என்றார். அதில் கிண்டல் இல்லை.

போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. முன்பு புதைந்த இடத்தில் மட்டும் மனிதர் மூச்சுவிடவில்லை.

மாலையில் நாங்கள் திரும்பியபோது கொட்டகையில் ஐந்தாறு டிரைவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். அக்கா குழாயைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். கணவர் இறங்கினார். யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் குந்தி உட்கார்ந்து, தாருக்கு மறுபடி காற்றேற்றத் தோதாக வால்வு மூடியைக் கழற்றினார். நான்கையும் உள்ளங்கையில் வைத்து, அத்தனை பேர் முன்னாலும் அக்காவிடம் நீட்டினார்.