அகழிச் சண்டைக்கு நான் நடுவர்

நீச்சல் தெரியாதவர்களைத் தண்ணீருக்குள் இறக்கிச் சண்டை போடவைத்து, தரையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் நடுவர் வேலையை நான் பார்த்திருக்கிறேன். அதில் முதலில் போவது மனிதர்மேல் உள்ள நம்பிக்கைதான்.

ஐம்பதுகளின் கடைசி. சிவகாசியில் எங்கள் பட்டாசுக் கம்பெனியை முதலாளி பூட்டிக் கதவடைப்புச் செய்திருந்தார். தீபாவளி லோடு வெளியே போய்விட்டால் அவர் எங்களைத் தேடமாட்டார், நாற்பது பேருக்கும் வேலை போனதுதான். முன்வாசலில் போலீஸ். பின்வாசலுக்குக் கண்மாயை நீந்தித்தான் போகவேண்டும். அங்கே லாரியை மறிக்க யாரை அனுப்பலாம் என்று பார்க்க, ஜெயிலில் நான் கற்ற கதையாட்டத்தை, டீக்கடை மாடியிலிருந்த எங்கள் சங்க அறையில் மத்தியானங்களில் நடத்தினேன். தரையில் சாக்கட்டியால் ஒரு கோட்டை, அதைச் சுற்றி அகழி. ஆளுக்கொரு வீரன். அவன் என்ன செய்கிறான் என்று சொல்லிவிட்டுச் சோழி உருட்டவேண்டும். விளைவை நான் சொல்வேன். நாலு பேருக்கு நடுவராக இருந்து வசவு வாங்கிய நண்பர்களே, மிச்சம் உங்களுக்கே புரியும்.

இரும்புச் சட்டை

மாடசாமி திரி வெட்டுகிறவன். அவனுடைய வீரன் இரும்புச் சட்டை, கேடயம், ஒரு சிப்பம் வெடிமருந்து எல்லாவற்றோடும் அகழியில் குதித்தான். மூழ்கிவிட்டாய் என்றேன். சட்டையைக் கழற்றியாயிற்று என்றான். எப்போது என்று கேட்டால், குதிக்கும்போதே என்றான். சரி, மருந்து நனைந்துவிட்டது, திரியும் எரியாது என்றேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மடியிலிருந்து ஒரு துண்டுத் திரியை எடுத்துப் பற்றவைத்து வாளித் தண்ணீரில் போட்டான். அது குமிழி விட்டுக்கொண்டே கடைசிவரை எரிந்தது.

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனியைப் பூட்டி மூன்று வாரம். இவனுக்கு மட்டும் திரி எங்கிருந்து வந்தது? உள்ளே போய்வருகிறானா? நேராகவே கேட்டேன்.

"பூட்டுறதுக்கு முந்தியே வேட்டி மடிப்புல வந்து ஒட்டிக்கிருச்சு தோழர். எம்புட்டு உதறியும் போகலை."

மூச்சு விதி

அதன்பிறகு விதியை இறுக்கினேன். வீரன் தண்ணீருக்குள் இருக்கும்வரை அவனை ஆடுகிறவன் நிஜமாகவே மூச்சைப் பிடிக்கவேண்டும். பேசக்கூடாது, குத்துவதும் தப்புவதும் கைச்சாடையில். நான் எண்ணுவேன். மூச்சு விட்டால் வீரன் செத்தான். உடனே கன்னத்தை உப்பிக்கொண்டு மூக்கால் இழுக்கத் தொடங்கினார்கள். மூக்குக்கு நேரே பஞ்சைப் பிடித்தேன். பஞ்சு ஆடியது. இலைகூட அசையாத மத்தியானத்தில், காற்று என்று சாதித்தார்கள்.

கருப்பசாமி ஒன்பது வருஷமாக மருந்து கலக்குகிறவர். இருபது எண்ணுவதற்குள் இருமிவிட்டார். கண்மாயில் இறங்கப் பயந்து நடிக்கிறார் என்று எனக்குப் பட்டது. பட்டதைச் சொல்லியும்விட்டேன். இருமி முடித்துவிட்டுத்தான் அவர் பதில் சொன்னார்.

"நடிக்கத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் தோழர் மருந்து ரூமுக்குப் போறேன்? நாடகத்துக்குல்ல போயிருப்பேன்."

எண்பது

ராமையா புது ஆள். சாத்தூர்ப் பக்கம் எட்டு வருஷம் மருந்து கலக்கியதாகச் சொல்லி, கதவடைப்புக்குக் கொஞ்சம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவன். எண்பது எண்ணும்வரை அவன் மூக்குக்கு முன்னால் பஞ்சு அசையவில்லை. எட்டு வருஷம் மருந்தைச் சுவாசித்தவனால் அது ஆகாது. கம்பெனி அனுப்பிய ஆளோ என்ற சந்தேகத்தை உள்ளே வைத்துக்கொண்டேன். அவனையும் மாடசாமியையும் விட்டால் நீந்த வேறு ஆள் இல்லை. வடகரையில் ஏறு, புளியமரத்தடியில் ஒதுங்கு, காலையில் பின்வாசல் திறந்ததும் லாரிக்கு முன்னால் உட்கார் என்று, கோட்டையை மறந்து நிஜக் கண்மாயையே அடிக்கு அடி சொல்லி ஆட்டத்தை முடித்தேன்.

மறுநாள் காலை அவனும் மாடசாமியும் நீந்திப்போய் வடகரையில் ஏறியபோது, புளியமரத்தடியில் கம்பெனி ஆட்கள் கம்போடு நின்றிருந்தார்கள். இருவருக்கும் நல்ல அடி. லோடு போய்விட்டது.

அறைக்குத் திரும்பியதும், எல்லாருக்கும் முன்னால் ராமையாவைத்தான் காட்டிக்கொடுத்தவன் என்றேன். எண்பதை ஆதாரமாக வைத்தேன். அவன் முதலில் எண்பதுக்குக் காரணம் சொன்னான். கிணற்றில் முங்கித் தூர் எடுப்பதுதான் அவன் தொழிலாம். மழை பொய்த்து அது நின்றுபோக, கம்பெனியில் சேருவதற்காக மருந்து கலக்கியதாகப் பொய் சொன்னானாம். பிறகு, வீங்கிய தோளைப் பிடித்தபடி ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தான். கீழே டீக்கடை பெஞ்சில் எங்கள் கம்பெனி மேஸ்திரி வழக்கம்போல உட்கார்ந்திருந்தார்.

"தண்ணிக்குள்ள நாங்க ஆரும் வாயைத் தெறக்கலை தோழர். வடகரை, புளியமரம்னு அங்கன இருக்கிற ஆளுக்குக் கேக்கிற மாதிரி சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

அன்றைக்கு என் சந்தேகப் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொண்டேன். அதற்காக மற்றவர்கள் பெயரை அடித்துவிடவில்லை.