பொன்னுசாமி அண்ணன் போட்ட பட்டன்

பொன்னுசாமி அண்ணன் போய்விட்டார். சேந்தமங்கலத்தில், மகன் வீட்டில், தூக்கத்திலேயே... மத்தியானம்தான் போன் வந்தது.

நான் வெள்ளையம்மா. மலைமேல் தேவனூர் நாட்டுக்காரி, தொண்ணூறை நெருங்கியாச்சு. நான் சொல்லச் சொல்ல மகள் அவளுடைய ஃபேஸ்புக்கில் அடிக்கிறாள். ஒரு வார்த்தை மாற்றினாலும் சும்மா விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏன் இவ்வளவு கோபம் என்கிறீர்களா? யாரோ ஒரு புண்ணியவான் அண்ணன் போட்டோவைப் போட்டு, "கள்ளத் துப்பாக்கி பொன்னுசாமி காலமானார்" என்று எழுதியிருக்கிறான். கீழே வரிசையாகக் கும்பிடு போடுகிறார்கள்.

கள்ளத் துப்பாக்கியாம்! உங்களுக்கு என்னய்யா தெரியும்?

வெள்ளைக்காரன் காலம் அது. ஜெர்மனிக்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. செம்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காபி எஸ்டேட். நான் அங்கே பழம் பறிக்கிறவள். பொன்னுசாமி அண்ணன் பழத்தோல் உரிக்கிற மெஷினுக்கு ஃபிட்டர்.

எஸ்டேட் துரையிடம் ஒரு பழைய பம்பு துப்பாக்கி இருந்தது. முன்கட்டையைப் பின்னால் இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். விசைக்குப் பக்கத்தில் குறுக்காக ஒரு சேஃப்டி பட்டன். ஒரு பக்கம் தள்ளினால் விசை பூட்டிக்கொள்ளும், மறுபக்கம் தள்ளினால்தான் சுடும்.

அந்தப் பட்டன் உடைந்துபோய், ஓரிடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது. துரை என்ன செய்தார் தெரியுமா? ஒரு தீக்குச்சியை முறித்து இடுக்கில் செருகிவிட்டார். சீமையிலிருந்து புதுசு வரணுமாம், சண்டை முடிகிற வரைக்கும் கப்பல் கிடையாதாம்.

அதுவரைக்கும்? அதைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் நடுவிலேயே பன்றி தேடித் திரிந்தார்.

ஒருநாள் குச்சி எங்கேயோ விழுந்துவிட்டது. ஓடையைத் தாண்டும்போது செடியின் கிளை விசையில் மாட்டி, துப்பாக்கி வெடித்தது. என் கெண்டைக்காலில் ஈயக் குண்டு, ரவை ரவையாக...

துரை "நத்திங், நத்திங்" என்றார். வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போட்டது பொன்னுசாமி அண்ணன். கட்டி முடித்துவிட்டு துரைக்கு நேராக நின்றார்.

"இதைச் சரி பண்ணாம இனிமே துப்பாக்கிய எடுக்காதீங்க தொரை. உங்களுக்கு முடியலீன்னா எங்கிட்டக் குடுங்க." அவருக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்.

மறுநாள் துரையே மெஷின் கொட்டகைக்கு வந்து, தன் கையாலேயே துப்பாக்கியைக் கொடுத்தார். கட்டுப் போட்ட காலோடு நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். கண்ணால் பார்த்தேன்.

அண்ணன் விசைக் கூட்டைக் கழற்றி, உடைந்த பட்டனைத் தட்டி எடுத்தார். மெஷினில் தேய்ந்துபோன போல்ட் ஒன்றை அரத்தால் ராவி ராவி அதே கனத்துக்குக் கொண்டுவந்தார். பட்டனைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கும் உள்ளே உடைந்துபோயிருந்தது. அதற்கு ஒரு பழைய பூட்டின் ஸ்பிரிங், அதன் தலையில் சைக்கிள் பால்ரஸ் குண்டு ஒன்று.

முதல் தடவை மாட்டும்போது அந்தக் குண்டு தெறித்துப் பழத்தோல் குவியலில் விழுந்துவிட்டது. அண்ணன் காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தையெல்லாம் சொல்லிக்கொண்டே தேடினார். கால் வலியோடு சிரித்தேன்.

மாட்டி முடித்ததும், பட்டனைப் பூட்டுகிற பக்கம் தள்ளி, தோட்டா இல்லாத துப்பாக்கியை என்னிடம் நீட்டினார்.

"நீயே அமுத்திப் பாரு கண்ணு. உனக்குத்தான பட்டுது."

"எனக்குப் பயமா இருக்குதுங்கண்ணா."

"அட, அமுத்து சாமி!"

விசையை இரண்டு கையாலும் அமுத்தினேன். அசையவே இல்லை.

இனிமேல்தான் அநியாயம். கேளுங்கள்.

வேட்டைக்கு வந்த ஒரு போலீஸ் ஆபீசர் புதுப் பட்டனைப் பார்த்துவிட்டு, யார் போட்டது என்று கேட்டிருக்கிறார். லைசென்ஸ் இல்லாதவன் துப்பாக்கிச் சாமான் செய்தால் குற்றமாம். செய்யச் சொல்லிக் கொடுத்தவனுக்கும் சிக்கலாம். துரை கொஞ்சமும் கூசாமல், "எனக்குத் தெரியாது, அவன் திருட்டுத்தனமாக எடுத்திருக்கிறான்" என்றுவிட்டார்.

ஒரு பட்டனுக்கு ஆறு மாசம் ஜெயில்! என்னைச் சுட்டதற்குக் கேஸ் கிடையாது. இனி யாரையும் சுட்டுவிடக்கூடாது என்று வழி செய்தவர்மேல் கேஸ்.

நொண்டிக்கொண்டே செம்மேட்டுக்குப் போய்ப் போலீஸிடம் காலைக் காட்டினேன். "தொரைதானுங்க கொண்டாந்து குடுத்தாரு, நான் பாத்தனுங்க" என்றேன்.

"முள்ளுக் குத்துனதுக்கெல்லாம் இங்க எதுக்கு வந்தே? போ, போ" என்று துரத்திவிட்டார்கள்.

துப்பாக்கி துரைக்கே திரும்பி வந்தது. பட்டனோடு! அதைக் கழற்றக்கூட இல்லை. மலையை விட்டுப் போகிற வரைக்கும் அந்தப் பட்டனைத் தள்ளித் தள்ளித்தான் சுட்டுக்கொண்டிருந்தார், வெட்கம் கெட்ட மனுஷன்.

அண்ணனுக்கு எஸ்டேட்டில் மறுபடி வேலை கொடுக்கவில்லை. ஜெயிலிலிருந்து வந்த பிறகு ஒரு சந்தை நாளில் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தார்.

"ஏனுங்கண்ணா, உள்ள ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா?" என்று கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுகாத கண்ணு. அங்கயும் வேலதான்" என்றார். "வார்டருங்க துப்பாக்கி பூராவும் ரிப்பேரு. ஆறு மாசமும் என்னையத்தான் பாக்கச் சொன்னாங்க."

கேட்டுக்கொண்டீர்களா?

காலையில் எடுக்கிறார்களாம்.

மொத பஸ்ஸுக்கு வாரேனுங்கண்ணா...