சுண்ணாம்பு டப்பாவில் ஒரு பல்

“பல்லுக்குள்ள மூளைக்கு மருந்து இருக்குன்னு சொல்லுதியே, ஏட்டி, ஒனக்கு மூளை இருக்கா?”

என்னிடம் இப்படிக் கேட்ட சித்தப்பா, அப்போது அப்பாவின் தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். குற்றாலத்து அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்ப்பதுதான் அவர் தொழில். அப்பா பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கியவர். பார்க்கின்சன் நோய் வந்து கை நடுங்கத் தொடங்கியதும் மேலகரத்து வீட்டோடு நின்றுவிட்டார்.

“இருக்கு சித்தப்பா. ஒங்களுக்கும் சேத்து இருக்கு” என்றேன். அப்பா சிரித்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். உயிரித் தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்து, திருநெல்வேலியில் ஓர் ஆய்வகத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். பல்லின் நடுவே உள்ள கூழிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்ப்பது அங்கே எங்கள் வேலை. கருவில் நரம்புகள் சில உருவாகும் அதே இடத்திலிருந்து வந்த செல்கள் அவை. சரியாக வளர்த்தால் நரம்புச் செல் போல நீளும். பார்க்கின்சன் நோயில் சாகும் மூளை நரம்புச் செல்களைக் காக்கவும் கூடும். இதைத்தான் சித்தப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

இந்தச் சீசனில் ஒருநாள் அவரே சாரலில் நனைந்தபடி ஓடிவந்தார். எண்ணெய் தேய்த்துக்கொள்ள வந்த யாரோ ஏதோ ஒரு ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

“பல்லுல இருந்து எடுத்து ஊசியா போடுதாவளாம். நடுக்கம் அப்படியே நின்னுருமாம். நீ சொன்னதுதாம்ட்டி! திங்கக்கிழமைக்குக் காரும் சொல்லியாச்சு.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து, சிரமப்பட்டுத் திறந்தார். உள்ளே ஒரு கடைவாய்ப்பல். எங்கள் பக்கம் விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவார்கள். அப்பா எறியவில்லை.

“ஆடி விழுந்துட்டு. காத்துப் படாம வச்சிருக்கேன். எம்பல்லு எனக்கே ஆவும்லா?”

ஆகும் என்று சொல்லியிருந்தால் அன்று எல்லாரும் சந்தோஷமாகச் சாப்பிட்டிருப்போம்.

“ஆவாதுப்பா. சுண்ணாம்புல எந்த செல்லும் பொழைக்காது. பல்லு எடுத்த ஒடனே குளிர்ந்த மருந்துத் தண்ணில போடணும். அந்த ஊசியும் வேண்டாம். எலிகள்ட்டதான் கொஞ்சம் பலன் தெரிஞ்சிருக்கு. மனுசனுக்கு இன்னும் நிரூபிக்கல. இப்பவே குணமாக்குதேன்னு சொல்லுதவன் பொய் சொல்லுதான்.”

சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “அன்னைக்கு இருக்குன்ன. இப்ப வேண்டாம்னு சொல்லுத. எல்லாம் படிச்ச திமிரு.”

“ஆமா, திமிருதான். அன்னைக்கு இல்லவே இல்லன்னு சிரிச்சீங்க, நான் ஒத்துக்கல. இன்னைக்கு வந்தாச்சுன்னு குதிக்கீங்க, இதையும் ஒத்துக்க மாட்டேன். எங்கப்பா ஒண்ணும் எலி இல்ல.”

அப்பா டப்பாவை மூடினார்.

“நான் இருக்கும்போதே அந்த மருந்து வந்துருமாம்மா?”

“தெரியாதுப்பா. நீங்க மாத்திரைய நேரத்துக்குப் போடுங்க. மத்தத நான் பாக்கேன்.”

அவர் தம்பி பக்கம் திரும்பினார். “ஏலே, காரை வேண்டாம்னுரு.”

“இவ பேச்சக் கேட்டு நீ நடுங்கிக்கிட்டே கெட!” என்று சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு வெளியேறினார். இன்னும் என்னோடு பேசுவதில்லை. பேசாமலே இருக்கட்டும்.

எனக்கு ஒரு ஞானப்பல் முளைக்காமல் ஈறுக்குள் படுத்துக் கிடந்தது. பல் டாக்டர் எடுத்துவிடச் சொல்லியும் பயந்து தள்ளிப்போட்டு வந்தேன். அந்த வாரமே தென்காசியில் எடுத்துக்கொண்டேன். ஆய்வகத்துக்குக் கொடுக்கச் சம்மதம் எழுதி, பல்லை மருந்துத் தண்ணீர் உள்ள சிறு குப்பியில் போட்டு ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். அப்பாவும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து, திருநெல்வேலி பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். பாவூர்சத்திரம் தாண்டும்போது குனிந்து கேட்டார்.

“என் கை ஆடுதே, பல்லு கெட்டுப்போயிராதே?”

வாயில் பஞ்சு இருந்ததால் பேச முடியவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். அவர் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலையே, வீங்கிய கன்னத்தோடு, அந்தப் பல்லை நானே பிளந்து கூழை எடுத்தேன். இப்போது அதன் செல்கள் ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டுக்குள் அடியில் ஒட்டிப் பெருகிக்கொண்டிருக்கின்றன.