புதுவாயல் கஜாவும் என் இருபத்திரண்டு வரி அட்டவணையும்

ஜெர்மனியில் நான் இருக்கும் சிற்றூரில் காரை ரிப்பேருக்குக் கொண்டுபோனால் மெக்கானிக்கின் முகத்தையே பார்க்க முடியாது. முதலில் ‘டெர்மீன்’ வாங்க வேண்டும், அதாவது நாளும் நேரமும் குறித்துக்கொள்ள வேண்டும். குறித்த நாளில் போனால் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண்மணி கணினியோடு உட்கார்ந்திருப்பார். சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான். போன மாதம் என் காரின் முன்சக்கரப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. அதை அவர்கள் மொழியில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், நம் ஊர் வழக்கப்படி வாயாலேயே “கடக், கடக், கிர்ர்ர்” என்று செய்து காட்டினேன். அவர் முகம் மாறாமல் தட்டச்சு செய்துகொண்டார். மாலையில் அவர்கள் கொடுத்த தாளைக் கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். “வாடிக்கையாளர் சத்தம் எழுப்புகிறார். வாகனத்தில் குறை ஏதும் இல்லை” என்று இருந்தது. அறையில் தனியாக விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு அறை ரொம்பவும் பெரியதாகத் தெரிந்தது.

நான் கார்களுக்கான மின்கருவிகளைச் சோதிக்கும் பொறியாளன். இங்கு வருவதற்கு முன் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் அதே வேலையைத்தான் பார்த்தேன். அங்கே ஒருநாள் மேலாளரின் கார் கிளம்பவில்லை. நான்கு பொறியாளர்கள் சுற்றி நின்று எரிபொருள் பம்ப்பா, சென்சாரா என்று ஒரு மணி நேரம் வாதாடினோம். ஒருவர் வெள்ளைப்பலகையில் படமே வரைந்துவிட்டார். கடைசியில் புதுவாயல் கூட்ரோட்டில் கொட்டகை போட்டிருக்கும் மெக்கானிக் கஜா அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் மொபெட்டை விட்டு இறங்கக்கூட இல்லை. “நேத்து வண்டிய யாரு கழுவுனது?” என்று மட்டும் கேட்டார். புதிதாக வந்த காவலாளி பானெட்டைத் திறந்து, எஞ்சின் மேலேயே குழாயைப் பிடித்துக் குளிப்பாட்டியிருந்தார். தண்ணீரைத் துடைத்ததும் வண்டி கிளம்பிவிட்டது. நாங்கள் கோளாறின் வேரைப் பிடிக்க ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்கப் படித்தவர்கள். கஜா அண்ணன் ‘யாரு’ என்று ஒரே ஒரு முறை கேட்பார். அன்றைக்கு அதை வேடிக்கையாகச் சொல்லித் திரிந்தேனே தவிர, எனக்கும் அது பொருந்தும் என்று நினைக்கவில்லை.

இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் விமானம் ஏறினேன். இரண்டு வருடம் முடிந்ததும் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகுதான் என் மனைவி சுமதிக்குச் சொன்னேன். “சரிங்க” என்றாள். கும்மிடிப்பூண்டி வீட்டில் அவளோடு என் அப்பா, அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் என்று எல்லோரும் இருக்கிறார்கள். அதனால் அவள் தனியாக இல்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

சென்ற வருடம் எங்கள் வீட்டுக் கார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அப்பாவை மாதம் ஒருமுறை திருவள்ளூருக்கு வைத்தியரிடம் கூட்டிப் போகத்தான் அந்தக் கார். தம்பி ஓட்டுவான். அவன் சாவியைத் திருகினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி காலி. கஜா அண்ணன் வந்து பார்த்தார். “ஓட்டாம வெச்சிக்கினா இப்டிதான்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு சாதாரணமாக முடித்ததில் எனக்குத் திருப்தி இல்லை. பேட்டரி தரமில்லாதது என்று நான் தீர்ப்புச் சொல்லி, புதிது போட வைத்தேன். அதுவும் சில வாரங்களில் படுத்துவிட்டது. சரி, எங்கோ மின்சாரம் கசிகிறது என்று முடிவுகட்டி இருபத்திரண்டு வரிகளில் ஓர் அட்டவணை போட்டேன். சுமதியை ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொல்லி, மீட்டர் காட்டும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆல்டர்னேட்டரை மாற்றினோம். திருட்டு எச்சரிக்கை மணியைக் கழற்றினோம். ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாவது பேட்டரியும் வந்தது.

இதெல்லாம் என் சாப்பாட்டு இடைவேளையில் நடக்கும். எனக்கு மதியம் ஒன்றரை மணி என்றால் அவளுக்கு மாலை ஆறு. இங்கே உணவுக்கூடத்தில் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். நான் தமிழில் ‘ஹலோ’ சொன்னாலே நான்கு தலைகள் திரும்பும். அதனால் நிறுத்துமிடத்தில் என் காருக்குள் உட்கார்ந்து, மடியில் டப்பாவை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே பேசுவேன். அவள் அலுக்காமல் முக்கால் மணி நேரம் என் கேள்விகளுக்குப் பதில் சொல்வாள். அவளுக்குக் காரில் இவ்வளவு ஆர்வமா என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது பேட்டரியும் போன அன்று கஜா அண்ணனே வீடியோவில் என்னைக் கூப்பிட்டார். பின்னால் எங்கள் கார் நின்றிருந்தது. சுமதி பக்கத்தில் இல்லை.

“இன்னா நைனா, சாப்டியா?”

“சாப்பிட்டேண்ணே. ஏதாவது தெரிஞ்சிதா? அட்டவணைல பதினேழாவது வரியப் பாத்தீங்களா?”

“அத்தெல்லாம் அப்பறம் பாக்கலாம். இதப் பாரு.” கைபேசியைக் காருக்குள் நீட்டினார். “டிரைவர் சீட்டு தூசி படிஞ்சிக்கீது. பக்கத்து சீட்டு பளபளன்னு கீது. ஓட்டறதுக்கு ஆளு இல்ல, குந்தறதுக்கு ஆளு கீது. யாரு குந்தறது?”

“எனக்கு எப்படிண்ணே தெரியும்?”

“உன் சம்சாரம்தான். தெனம் சாயங்காலம் கண்ணாடிய ஏத்திக்கினு, ஏசி ஃபேன போட்டுக்கினு குந்திக்கினு கீது. உங்கூடதான் பேசிக்கினு கீது. எஞ்சின் ஓடாம ஃபேன் ஓடுனா பேட்டரி இன்னாத்துக்கு ஆவும்?”

 பேட்டரி ஏன் காலியாகிறது என்று தினமும் முக்கால் மணி நேரம் ஆராய்ந்தேன். அந்த ஆராய்ச்சியேதான் பேட்டரியைக் காலி செய்திருக்கிறது. இருபத்திரண்டு வரிகளில் ‘சுமதி’ என்று ஒரு வரி இல்லை.

“ரெண்டாவது பேட்டரி போனப்பவே எனக்குத் தெரியும் நைனா. ‘அவர்கிட்ட சொல்லாதீங்கண்ணா’ன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சி. மூணாவது பேட்டரிக்கு மனசு கேக்கல, சொல்லிட்டேன்.”

மறுநாள் சுமதியிடம் கேட்டேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன், வெட்கம் கெட்டவன்.

“ஊட்டுக்குள்ள எங்க பேசறதுங்க?” என்றாள். “கூடத்துல மாமா டிவி அலறுது. ரூம்ல பசங்க படிக்குது. மொட்ட மாடிக்குப் போனா பக்கத்து ஊட்டுக்காரங்க காது அங்கதான் இருக்கு. கார் ஒண்ணுதான் கதவு சாத்திக்கினு உக்கார இடம்.”

“அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே?”

 அவள் சொன்னாள். “எப்படி இருக்கேன்னு கேப்பீங்க. நல்லா இருக்கேன்னு சொல்லுவேன். ரெண்டு நிமிஷத்துல வெச்சிடுவீங்க. வண்டி ஸ்டார்ட் ஆவலன்னா முக்கா மணி நேரம் பேசறீங்க. அத எதுக்குச் சொல்லிக் கெடுத்துக்கறதுன்னு விட்டுட்டேன்.”

அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. கூட்டமாக இருக்கும் வீட்டில் ஒருத்தி தனியாக இருக்க முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. தனிமை வெளிநாட்டுக்காரன் சொத்து என்று நானே வைத்துக்கொண்டிருந்தேன்.

கஜா அண்ணன் காரில் எதையும் கழற்றவில்லை. ஒரு பழைய யூபிஎஸ் பேட்டரியைப் பக்கத்து சீட்டின் காலடியில் வைத்து, சின்ன மின்விசிறி ஒன்றை அதில் மாட்டிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் காரைத் தச்சூர் வரை ஓட்டிவிட்டு வரச் சொல்லித் தம்பியைத் திட்டினார். நான் அவரை அழைத்து, ஒயர் என்ன தடிமன், ஃப்யூஸ் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். “போட்டுக்கீறேன். அது கெடக்கட்டும், நீ எப்ப வர்ற?” என்றார். நான் மறுபடியும் ஒயர் தடிமனைக் கேட்டேன்.

காரின் கோளாறு தீர்ந்த பிறகு முதல் சில நாட்கள் எங்களுக்குப் பேச ஒன்றுமே இல்லாமல் இருந்தது. அந்த மௌனம் எனக்குப் பயமாக இருந்தது. மெல்ல மெல்லத்தான் பழகினோம். இங்கே ரிப்பேர் கடைப் பெண்மணி என் சத்தத்தைத் தட்டச்சு செய்த கதையைச் சொன்னபோது, சுமதி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

இந்த வாரம் மறுபடியும் ஒப்பந்தக் கடிதம் வந்திருக்கிறது. இன்னும் இரண்டு வருடம். பேனாவை எடுக்காமல் மதியம் வரை காத்திருந்து, காருக்குள் உட்கார்ந்து அவளை அழைத்தேன். விஷயத்தைச் சொல்லி, “நீ என்ன நினைக்கிறே?” என்றேன்.

“இத கேக்கறதுக்கு உங்களுக்கு மூணு பேட்டரி ஆச்சு” என்றாள்.  அழுகிறாளா, யோசிக்கிறாளா என்று தெரியவில்லை. சின்ன விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. நானும் வைக்கவில்லை. இந்த ஊரில் ஸ்டியரிங் இடது பக்கம், அதனால் நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவளும் அங்கே இடது பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள், ஓட்டுபவன் இருக்கையை விட்டுவிட்டு. இரண்டு கார்களிலும் வலது பக்கம் காலியாக இருந்தது.