காப்புக் கட்டுக்கு முந்தைய பஸ்

அப்பா பட்டாளத்தில் இருந்த காலத்தில், காஷ்மீரில் ஒரு மலைக்காவலில் பனி சரிந்து அவருடைய கூட்டாளி புதைந்துபோனார். உடல் கிடைக்கவே இல்லை. அந்தச் சரிவுக்கு ஒருமுறை போய் நின்றுவிட்டு வர வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. முட்டி தேய்ந்துவிட்டது, ஏறுவதென்றால் இந்த வருஷமே ஏறிவிடுங்கள் என்று பெரம்பலூர் டாக்டர் சொல்லிவிட்டார். கூட்டிப்போகிறேன் என்று நான் கிளம்பினேன். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. வீட்டில் அதற்குப் பெயர் பிடிவாதம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செட்டிகுளம் மலைப்படிகளில் அப்பாவை ஏற்றி இறக்கினேன். பனிக்கென்று வாங்கிய பூட்ஸைப் பழக்குவதற்காக, வைகாசி வெயிலில் ரஞ்சன்குடி கோட்டையைச் சுற்றி நடந்தோம். முதுகுப்பையில் கனத்துக்கு அரிசி. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "கோட்டையில குடி வரப் போறீங்களா?" என்று கேட்டார். அப்பா அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மலையைவிட அங்கத்திய நிலவரம்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. எங்காவது சுட்டுக்கொண்டார்கள் என்றால் ரோட்டை மூடிவிடுவார்கள், நெட் போய்விடும், எங்கள் வழிகாட்டியின் போன் நாள்கணக்கில் அடிக்காது. டிக்கெட்டைப் போடுவதும் ரத்து செய்வதுமே என் வேலையாகிவிட்டது. லைன் கிடைத்ததும் அப்பா பட்டாளத்து இந்தியில் அவர் வீட்டாரை ஒவ்வொருவராக விசாரிப்பார். "ரோடு தெறந்தாச்சான்னு மொதல்ல கேளுங்கப்பா" என்று நான் பல்லைக் கடிப்பேன்.

ஆடியில் பாதை திறந்தது. உடனே வரலாம் என்று சேதி வந்தது. அங்கேதான் கோட்டைவிட்டேன். பனி, பெர்மிட், ஊரடங்கு என்று எல்லாவற்றையும் யோசித்தவள் எங்கள் ஊர் மாரியம்மனை மறந்துவிட்டேன். அன்று இரவே காப்புக் கட்டு. காப்புக் கட்டும்போது ஊரில் இருப்பவர்கள் திருவிழா முடியும்வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. காப்புக் கட்டுவதற்குள் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டால் தடையில்லை. சாயங்கால பஸ்ஸில் அரியலூருக்கு என் வீட்டுக்கு வந்துவிடும்படி அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"வந்துர்றேன் பாப்பா" என்றார். வரவில்லை.

காலையில் ஊருக்கு ஓடினேன். அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். ஊருக்குக் கட்டிய காப்பு போதாதென்று, அவர் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு. தீச்சட்டி எடுக்கப்போகிறாராம். கோயிலுக்குக் கூப்பிட்டாலே நழுவுகிற மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேணும்னேதான பஸ்ஸ வுட்டீங்க?"

"ஆமா."

"பயமாப்பா?"

"எனக்கென்ன பயம். ஒத்தையா போறதுன்னா நேத்தே ரயில் ஏறியிருப்பேன்." கயிற்றைத் திருகிக்கொண்டே சொன்னார். "அந்த வழிகாட்டித் தம்பி, பொண்டாட்டி புள்ளைங்கள மாமியார் ஊருக்கு அனுப்பிட்டாராம். நேத்து பேசுனப்ப சொன்னாரு. அவரு தன் வூட்டாள வச்சுக்கப் பயப்படுற எடத்துக்கு ஒன்னை எப்புடிக் கூட்டிட்டுப் போவேன்?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொன்னா கேக்குற ஆளா நீ? அங்க ஒருத்தன வுட்டுட்டு வந்தது போதும் பாப்பா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி அந்த மலையை அவர் பார்க்கப்போவதில்லை. அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நான் மூக்கைச் சிந்தி முடித்ததும், சாப்பிட்டாயா என்று கேட்டார்.