இரண்டு சோடித் தேங்காய்

துணுக்காய் ஊரில் எருமை பூட்டிய பலகைமேல் நின்று வயலை மட்டப்படுத்துகிறவன் நான். தோணி எம்மாத்திரம் என்ற கொழுப்பு எனக்கு. ஒரு சித்திரையில் பத்து வயது மகளோடு கொக்கிளாய்க் களப்பைச் சுற்றிப் பார்க்கப் போனேன். தோணிக்காரர் சூசை எங்கள் இருவரின் இடுப்பிலும் மிதப்புக்காக ஒவ்வொரு சோடி உரிக்காத தேங்காய் கட்டினார்.

"இந்த வத்தின கோடைத் தண்ணிக்கு இதென்ன கோலம்?" என்று சிரித்தேன்.

"மாரியெண்டாலென்ன, கோடையெண்டாலென்ன, இது கட்டாமல் என்ரை தோணியிலை ஒருத்தரும் ஏறேலாது."

நடுக்களப்பில் என் சோடியை அவிழ்த்துப் போட்டேன். பலகையில் நிற்பதுபோல் மகளுக்கு நின்று காட்டினேன். தோணி சரிய, இருவரும் விழுந்தோம். கால் தரையில் முட்டவில்லை. எனக்கு நீந்தவும் தெரியாது. மூழ்கி எழுந்தபோது மகள் மிதந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, என்னைப் பிடியுங்கோ!"

அவளுடைய தேங்காயைப் பிடித்துக்கொண்டேன். சூசை இருவரையும் தூக்கி ஏற்றினார்.

இன்றும் மாரியிலும் கோடையிலும் போகிறோம். ஏறுமுன் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். என் முடிச்சை மகள்தான் இழுத்துப் பார்ப்பாள்.