வக்கீல் படத்துக்கு எத்தனையாவது இடம்

முப்பத்தாறாம் இடத்தில் ஆரம்பித்து ஒன்றாம் இடம் வரைக்கும் படிக்க வேண்டும். அதுதான் வேலை. ஒரு நடிகர் நடித்த முப்பத்தாறு படங்களையும் ஒரு காணொளி நிறுவனம் வரிசைப்படுத்தியிருந்தது. வசூலுக்கு ஐம்பது மார்க், விமர்சனத்துக்கு முப்பது, விருதுக்கு இருபது. கூட்டிப் பார்த்து எது மேலே, எது கீழே என்று தீர்மானித்தும் விட்டார்கள். பட்டியல் போடுகிறவர்களுக்கு எங்கிருந்துதான் இந்தத் தைரியம் வருகிறதோ! முப்பது வருஷத்து உழைப்பைப் பரீட்சைப் பேப்பர் மாதிரி திருத்திக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

அதைப் படிக்க வந்தவரைத் தொழிலில் எல்லாரும் தொண்டைக்காரர் என்பார்கள். வயது அறுபத்து மூன்று. திரையில் வாயசைக்கிறவர்களுக்குக் குரல் கொடுத்தே பிழைத்தவர். அந்த முப்பத்தாறு படங்களில் பத்தொன்பதில் நடிகரின் வாயிலிருந்து வந்தது இவருடைய குரல்தான். ஒன்றில்கூட இவர் பெயர் வந்ததில்லை. நடிகருடைய சொந்தக் குரல், தகரத்தில் ஆணியைப் போட்டு இழுத்த மாதிரி இருக்கும். அதனால் இவர் அந்த நடிகரைத் ‘தகரம்’ என்றுதான் சொல்வார், அதுவும் வீட்டுக்குள் மட்டும். வெளியே சொன்னால் அடுத்த படம் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். படங்கள் கைவிட்டுப் போய் இருபது வருஷமாகியும் பல் கடித்தபடியே இருந்தது.

கூப்பிட்ட நிறுவனத்துக்கு இதெல்லாம் தெரியாது. நல்ல குரலில், குறைந்த கூலிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று தேடியிருக்கிறார்கள், இவர் கிடைத்துவிட்டார். எந்த நடிகரின் படங்கள் என்று கேட்டதும் இவருக்கு மண்டைக்குள் ஜிவ்வென்று ஏறியது. மற்ற பதினெட்டும் எக்கேடு கெட்டுப் போகட்டும். வக்கீல் படத்துக்கு மட்டுமாவது பேசியது நான்தான் என்று ஊரறியச் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு நினைப்போடுதான் ஒத்துக்கொண்டார்.

காலையில் கிளம்பும்போது மனைவி வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “போங்க, போய் வாய வாடகைக்கு விட்டுட்டு வாங்க. காலம்பூரா அதத்தானே பண்றீங்க.”

“இன்னைக்குச் சொல்லிடுவேன்டி.”

“கிழிச்சீங்க.”

பதிவு அறை ஒரு குளியலறை அளவுதான் இருந்தது. சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு. நாற்காலி முனகும் என்பதால் நின்றுகொண்டே படிப்பது இவர் வழக்கம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், நாற்பது வயதுக்காரர், காதில் மாட்டியதைக் கழற்றாமலே பேசுகிறவர். அவர் பக்கத்தில் மடிக்கணினியோடு பட்டியலைத் தயாரித்த பெண். முகத்தைப் பார்த்தால் வக்கீல் படம் வந்தபோது பிறந்தே இருக்க மாட்டாள்.

முதல் தாளிலேயே வம்பு. முப்பத்தாறாம் இடம் இரட்டை வேடப் படம். அண்ணனுக்கு வயிற்றிலிருந்தும் தம்பிக்கு மூக்கிலிருந்தும் பேசி, மூன்று நாள் தன்னோடு தானே சண்டை போட்ட படம். தாளில் இப்படி இருந்தது: “இரண்டு வேடங்களிலும் ஒரே மாதிரிப் பேசி ரசிகர்களின் பொறுமையைச் சோதித்தார்.”

தொண்டைக்காரர் தாளைத் தாழ்த்தினார். “ஏம்மா, இத எவன் சொன்னான்?”

“மூணு பத்திரிகை விமர்சனம் சார். மூணுலயும் அப்படித்தான் இருக்கு.”

“படம் பாத்தியா நீ?”

“எல்லாத்தையும் பாக்க முடியுமா சார்? மார்க்குதான் போட்டேன்.”

“பாக்காமயே மார்க்கா? நீ எந்தப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்தே?”

ஒலிப்பதிவாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அண்ணே, படிச்சிருங்கண்ணே. மத்தியானம் வேற ஆளுக்கு ரூம் கொடுத்திருக்கு” என்றார். தொண்டைக்காரர் படித்தார். தன்னைத் தானே திட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, சுத்தமாகப் படித்தார். கூலிக்கு வந்த இடத்தில் வேறென்ன செய்ய?

மேலே போகப் போக எரிச்சல் கூடியது. இருபத்தொன்றாம் இடம், இவர் பேசியது. பதினேழு, தகரம் சொந்தமாகப் பேசியது. பதினொன்று, இவர். மூன்றாம் இடத்தில் கப்பல் படம். வசூலில் ஐம்பதுக்கு ஐம்பது. “கணீரென்ற குரலால் கடலையே அடக்கினார்” என்று எழுதியிருந்தது. யார் அடக்கியது? இந்தப் பஞ்சு மாதிரியே ஒரு சுவருக்கு நடுவில், ஒரு வாளித் தண்ணீரை மூஞ்சியில் விசிறச் சொல்லி, கத்திக் கத்தித் தொண்டை கிழிந்தவன் யார்? இரண்டாம் இடம் அப்பா படம். தகரம் முதன்முதலாகச் சொந்தக் குரலில் பேசிய படம். அதைப் படிக்கும்போது இவருக்கு வாய் கசந்தது. என்ன இருந்தாலும் இரண்டுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு தாளைத் திருப்பினார்.

முதலிடம் வக்கீல் படம்.

“கடைசி நீதிமன்றக் காட்சியில் அவர் குரல் உடைந்த அந்த ஒரு நொடிக்குத்தான் சிறந்த நடிகர் விருது. அப்படி ஒரு குரல் நடிப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.”

குரல் நடிப்பாம்! அன்றைக்குத் தொண்டைக்காரருக்குத் தொண்டையில் புண். ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளியீட்டுத் தேதி குறித்தாகிவிட்டது என்று தயாரிப்பாளர் காரை அனுப்பிவிட்டார். கழுத்தைச் சுற்றித் துண்டோடு போய் நின்று, “இனி நான் சொல்ல ஒன்றுமில்லை” என்ற வரியில் பாதியில் குரல் பிசகிப் போனது. இன்னொரு தடவை எடுக்கலாம் என்று இவர் சைகை காட்ட, இயக்குநர் துள்ளிக் குதித்து இதுதான் வேண்டும் என்றுவிட்டார். விமர்சகர்கள் அதைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதினார்கள். இவருக்கு மேல் ஸ்தாயி அன்றோடு போனது, இன்றுவரை திரும்பவில்லை.

தொண்டைக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தார். “இத நான் படிக்க மாட்டேன்.”

“என்னண்ணே ஆச்சு?”

“அந்தப் படத்துல பேசினது நான். பேரப் போட்டா படிக்கிறேன். போடலன்னா வேற ஆளப் பாத்துக்குங்க.”

அந்தப் பெண் கண்ணாடி வழியாக இவரை ஏற இறங்கப் பார்த்தாள். அறுபது தாண்டியவர்கள் பேசுவதைக் கேட்டுப் பழகிய பார்வை அது. இவருக்குச் சுள்ளென்று வந்தது. தாளை எடுக்காமலே அந்த வக்கீலின் கடைசி வாதம் முழுவதையும் அப்படியே பேசினார். பிசிறு தட்டும் இடம் வந்தபோது ஒலிப்பதிவாளர் முதல் தடவையாகக் காதிலிருந்ததைக் கழற்றினார்.

“ஆத்தாடி! அண்ணே, நீங்களா அது?”

“இல்ல, உங்க தாத்தா.”

அந்தப் பெண் மட்டும் அசையவில்லை. “சார், கேக்க அப்படியே இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா மிமிக்ரி பண்றவங்ககூட இப்படிப் பேசுவாங்களே. ஏதாவது ஆதாரம் இருக்கா?”

ஆதாரம் இருந்தது. எதிரான ஆதாரம். அதை இதுவரை மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. விருதுக் குழுவுக்கு ஒரு விதி உண்டு: சொந்தக் குரலில் பேசிய நடிகருக்குத்தான் சிறந்த நடிகர் விருது. குரல் நடிகருடையது இல்லை என்று பேச்சு கிளம்பியதும் தயாரிப்பாளர் தட்டச்சு அடித்த ஒரு கடிதத்தோடு வீட்டுக்கே வந்தார். ‘இந்தப் படத்தில் நான் யாருக்கும் குரல் கொடுக்கவில்லை.’ அடுத்த பத்துப் படமும் உங்களுக்குத்தான் என்று தோளில் கை போட்டார். தொண்டைக்காரர் வாசலில் நின்ற காரின் முன்மூடியில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பத்தில் மூன்று படம்தான் வந்தது. விருது வாங்கிய தெம்பில் தகரம் சொந்தமாகவே பேச ஆரம்பித்துவிட்டது.

இதைச் சொல்லிவிட்டுத் தொண்டைக்காரர் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. முறைத்தார். “பொய்க் கையெழுத்துத்தான் போட்டேன். போய் எழுது. அந்தக் கடிதம் அவங்க கோப்புல கிடக்கும், தோண்டி எடு. ரெண்டு பேருமே ஃபிராடுன்னு போடு.”

இப்போதுதான் அந்தப் பெண்ணுக்கு உயிர் வந்தது. வெளியே போய் முதலாளிக்குப் போன் போட்டாள். பிறகு விருதுக் குழுவில் யாருக்கோ. அரை மணி நேரம் கழித்து வந்தாள். கடிதம் இருக்கிறதாம், படமெடுத்து அனுப்பிவிட்டார்களாம். அதில் இருந்த கையெழுத்தும் காலையில் அவர் கூலி ரசீதில் போட்ட கையெழுத்தும் ஒன்றுதான் என்று காட்டினாள். குரல் கொடுக்காதவரிடம் எதற்கு அப்படி ஒரு கடிதம் வாங்க வேண்டும் என்று அவளே கேட்டாள். முதலாளிக்கு ஏக சந்தோஷம், சண்டை வந்தால் பார்க்கிற கூட்டம் இரட்டிப்பாகும் என்றாராம்.

“அப்ப பேரு வரும்ல?”

“வரும் சார். ஆனா விருது செல்லாதுன்னு நாமளே சொல்லிட்டு, விருதுக்கு மார்க் போட முடியாதே.” மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். எண்பத்திரண்டில் இருபது கழிந்து அறுபத்திரண்டு. “வக்கீல் படம் ஒன்பதாவது இடத்துக்குப் போயிடுது. அதுக்குக் கீழ இருந்த எட்டுப் படமும் ஒரு படி மேல வரும்.”

தொண்டைக்காரருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. “அப்ப முதல் இடம்?”

“அப்பா படம்.”

தகரத்தின் சொந்தக் குரல். வாயை மூடிக்கொண்டு இருந்தால் தன்னுடைய குரல் முதலிடத்தில், ஊரார் பெயரில். வாயைத் திறந்தால் தன் பெயர் ஒன்பதாம் இடத்தில், தலைக்கு மேலே தகரம் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இப்படி ஒரு கணக்கை எந்தப் பாவி கண்டுபிடித்தான்! அந்த மடிக்கணினியைப் பிடுங்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. நடைக்கு வந்து மனைவிக்குப் போன் போட்டார்.

“ஒன்பதாவதாம்டி. பேரைச் சொன்னா ஒன்பதாவதாம்.”

“ஒன்பதோ தொண்ணூறோ, உங்க பேரு வருமா வராதா?”

“வரும்.”

“அப்புறம் என்ன கேள்வி? கையெழுத்துப் போட்ட அன்னைக்கு என்னக் கேட்டீங்களா?” அவள் வைத்துவிட்டாள்.

அவர் திரும்பி வந்தபோது புதுத் தாள்கள் அச்சாகித் தயாராக இருந்தன. ஒன்பது முதல் ஒன்று வரை மறுபடியும் படிக்க வேண்டும். ஒன்பதாவதில் புதிதாக ஒரு வரி: ‘இந்தப் படத்தில் கதாநாயகனுக்குக் குரல் கொடுத்தவர்’ என்று ஆரம்பித்து, அவருடைய பெயரில் முடிந்தது. முழுப் பெயர், முதலெழுத்தோடு. அந்த அச்செழுத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். செருமிக்கொண்டு படித்தார்.

“அண்ணே, பேரு கொஞ்சம் தேஞ்சு போச்சு. இன்னொண்ணு போலாம்.”

மறுபடி படித்தார். இந்தத் தடவை பெயர் கப்பல் தலைவனின் கணீரில் வந்தது. மூன்றாவது தடவை மருத்துவமனையில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற மாதிரி வந்தது. நான்காவதில், வேண்டாத விருந்தாளியின் பெயரைச் சொல்வது போல. ஒலிப்பதிவாளர் சங்கடப்பட்டார். “அத கடைசியாப் பாத்துக்கலாம்ணே. மேல போங்க.”

எட்டு, ஏழு, ஆறு எல்லாம் மளமளவென்று முடிந்தன. ஒன்றாம் இடத்துக்கு அந்தப் பெண் புதிதாக எழுதியிருந்தது இது: “கலப்படமில்லாத சொந்தக் குரல்தான் இந்தப் படத்தின் உயிர்.” பாதகி! மனதுக்குள் தனக்குத் தெரிந்த அத்தனை வசவையும் ஓட்டிக்கொண்டே தொண்டைக்காரர் அதைப் படித்தார். ‘உயிர்’ என்ற சொல்லுக்கு முன்னால் அரை நொடி நிறுத்தி, கேட்கிறவனுக்கு மயிர்க்கூச்செறியும்படி படித்தார். தகரம் கேட்டால் அழுதுவிடும், அப்படி ஒரு குரல். வயிறு பற்றி எரிந்தாலும் வேலையைக் கெடுக்க அவருக்குத் தெரியவில்லை.

பிறகு ஒன்பதுக்கு வந்தார்கள். ஐந்தாவது தடவை. ஆறாவது தடவை. வரியின் முன்பாதி பிரமாதமாக வரும். பெயர் வந்ததும் யாரோ ஒரு மூன்றாம் மனிதர் குறுக்கே வந்து நிற்பார். அண்ணனாக, தம்பியாக, வக்கீலாக, கப்பல் தலைவனாக, யாராக வேண்டுமானாலும் பேசச் சொன்னால் தூக்கத்தில்கூடப் பேசுவார். இந்தப் பெயருக்கு எந்தக் குரல் என்பது அவருக்கே தெரியவில்லை. வெட்கமும் ஆத்திரமுமாக முகம் சிவந்து போனது.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. சொந்தப் பேரைச் சொல்ற மாதிரியே இல்ல. நம்பவே மாட்டாங்க” என்றார் ஒலிப்பதிவாளர்.

ஏழாவது தடவையும் போனது. வெளியே அடுத்த ஆள் வந்து கதவைத் தட்டினார். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள், எழுந்தாள். “சார், பேரு மட்டும்தானே? வேணும்னா நான் சொல்லிடட்டுமா?”

தொண்டைக்காரர் அவளை எரித்துவிடுவது போலப் பார்த்தார். “சொல்லித் தொலை” என்று காதிலிருந்ததைக் கழற்றி அவள் கையில் திணித்துவிட்டு வெளியே வந்தார். அவள் உள்ளே போய், ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கி, அவருடைய பெயரைச் சொன்னாள்.

“ஓகே. பிரமாதம்” என்றார் ஒலிப்பதிவாளர்.